புதுப்பிப்பு: ஹாட் டப் நீர்க் கலங்கலும் தோல் அரிப்பும் தீர்ந்தன

எங்கள் ஹாட் டப்பில் (வெந்நீர்க் குளியல் தொட்டி) டைகுளோர் என்ற குளோரின் கிருமிநாசினித் தூள் போட்டும் நீர் கலங்குகிறது, தோல் அரிக்கிறது, புரோமின் என்ற வேறு கிருமிநாசினிக்கு மாறலாமா என்று ஆறு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

புரோமினுக்கு மாறவில்லை. "மருந்தை மாற்றுமுன் குழாயைக் கழுவுங்கள்" என்றவர் சொன்னதே பலித்தது. குழாய் கழுவும் திரவத்தை ஊற்றி ஜெட்டுகளை (நீரைப் பீய்ச்சும் துளைகள்) ஓடவிட்டேன். பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் மிதந்து வந்தது. இதிலா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம் என்று குமட்டியது. முழுவதையும் வடித்துப் புதுநீர் நிரப்பினேன்.

இன்னொருவர் சயனூரிக் அமிலத்தை (டைகுளோரிலிருந்து நீரில் சேரும், குளோரினை நிலைநிறுத்தும் பொருள்) சோதிக்கச் சொன்னார். பழைய நீரில் அது 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டியிருந்தது. டைகுளோர் போடும் ஒவ்வொரு முறையும் அது சேர்ந்துகொண்டே போகும். ஏற ஏறக் குளோரின் மந்தமாகும். எனவே முதல் சில நாட்கள் மட்டும் டைகுளோர், பிறகு வாசனை சேர்க்காத திரவ ப்ளீச். குளோரின் 3 பிபிஎம்முக்குக் குறைவதில்லை, பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8க்குள். அரிப்பு நின்றுவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: நுரை மட்டும் அடங்கவில்லை. காரணம், நீச்சலுடையில் தங்கிய சலவைத்தூள்! இப்போது உடையை வெறும் நீரில் அலசிய பிறகே இறங்குகிறோம்.