சேலத்திலிருந்து பந்தயக் காரை ஏற்றிச் செல்லத் திறந்த டிரெய்லர்: ஒற்றை ஆக்சில் போதுமா?

அஸ்தம்பட்டி எஸ்டீம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பந்தயத்துக்கென மாற்றியமைத்த மாருதி எஸ்டீம் ஒன்றை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் அதை எடுத்துச் செல்கிறேன். இதுவரை வாடகை ரெக்கவரி வண்டியை நம்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டி முடிந்தபின் அந்த வண்டி வரும்வரை இரவு பதினொரு மணி வரைகூடக் காத்திருந்ததால், சொந்தமாக ஒரு திறந்த டிரெய்லர் வாங்கி ஸ்கார்ப்பியோவில் இழுத்துச் செல்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது என்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கைமாறி வரும் ஒற்றை ஆக்சில் (ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள்) டிரெய்லர்: சொந்த எடை 380 கிலோ, பிரேக் கிடையாது, தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கார் ஏறுவதற்கான சாய்பலகை (ராம்ப்) 1.8 மீட்டர், டயர்கள் 165/80 ஆர்14, எண் 85. மற்றொன்று, பட்டறையில் புதிதாகக் கட்டிக்கொள்ளும் இரட்டை ஆக்சில் டிரெய்லர்: தளம் சக்கரங்களுக்கு இடையில் 45 செ.மீ. உயரத்தில் அமையும், சொந்த எடை 600 கிலோ அளவில் வரும் என்கிறார்கள். விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. எடைமேடையில் கார் 910 கிலோ காட்டியது. மாற்றுச் சக்கரங்கள், ஜாக்கி, கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 120 கிலோ. இந்தக் கூடுதல் செலவு தேவைதானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சங்ககிரி பட்டறை எழுதியது:

தம்பி, விலையைப் பேசுவதற்கு முன் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள 85 என்ற எண்ணுக்கு, அந்த ஒரு டயர் அதிகபட்சம் 515 கிலோ சுமக்கும் என்று பொருள். இரண்டு டயர்கள் 1,030 கிலோ. உங்கள் காரும் பொருள்களும் டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்தால் 1,410 கிலோ ஆகிறது. அதில் ஒரு 140 கிலோ, டிரெய்லரை ஸ்கார்ப்பியோவோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் என்று வைத்தாலும், மீதி 1,270 கிலோ அந்த இரண்டு டயர்களின் மேல்தான் நிற்கும். ஆகவே அந்த வண்டி இப்போதைய நிலையில் உங்கள் காருக்கு உரியதே அல்ல. அதே டயர்கள் நான்கு இருந்தால் 2,060 கிலோ தாங்கும். இரட்டை ஆக்சில் வண்டி காரோடும் பொருள்களோடும் சேர்ந்து 1,630 கிலோதான். நடுவழியில் ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு டயர், நீங்கள் ஓரம் கட்டும்வரை வண்டியைச் சாயவிடாமல் தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது பிரேக். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதைப் போன்ற பிரேக் இல்லாத ஒற்றை ஆக்சில் வண்டி ஒன்றை விலை மலிவு என்று வாங்கினேன். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் திரும்பும்போது தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் முழுவதும் இறக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் நடுவில் முன்னே சென்ற லாரி வேகம் குறைத்ததும் நானும் பிரேக்கை மிதித்தேன். அடுத்த நொடியே டிரெய்லரின் வால் இடமும் வலமும் வீசத் தொடங்கியது. கண்ணாடியில் என் காரின் வலப்பக்கக் கதவு தெரிந்தது, பிறகு இடப்பக்கக் கதவு தெரிந்தது. மிதித்த காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டதால்தான் வண்டி அடங்கியது. கீழே வந்து நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து எழுந்த கருகல் வாடை இன்றும் நினைவிலிருந்து போகவில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது டிரெய்லருக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

வண்டி வீசியதற்குப் பிரேக் இல்லாதது மட்டும் காரணம் அல்ல. மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குவார்களே, அதே கணக்குதான் இங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் முன்பாரமாக இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் வீசும், மிகவும் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடி தளரும். உங்கள் வண்டியில் 1,630 கிலோவுக்கு 163 கிலோவாவது கொக்கியில் இருக்க வேண்டும். ஸ்கார்ப்பியோவின் கையேட்டில் கொக்கியின் மேல் எவ்வளவு பாரம், பின்னால் எவ்வளவு இழுவை என்று குறித்திருக்கும் அளவுகளையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பிரேக்கில் இரண்டு வகை உண்டு. இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து தள்ளுகிறது. அந்தத் தள்ளலைக் கொண்டே தானாகப் பிடிப்பது ஒரு வகை. அது எளிமையானது, ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் இடைவிடாமல் பிடித்துச் சூடேறும். மின்பிரேக் என்பது மற்றொரு வகை. அதன் கட்டுப்பாடு ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். வால் வீசும்போது டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடித்து நேராக்கிவிடலாம். தொப்பூரில் இறங்கப் போகிறவர் என்பதால் உங்களுக்கு மின்பிரேக்கையே பரிந்துரைக்கிறேன். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் கம்பியும், அதோடு தனியாக இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் கட்டாயம் வேண்டும்.

ஏற்காடு காபித் தோட்டம் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். இரட்டை ஆக்சில் வண்டி நேர்ச்சாலையில் அருமையாக ஓடும், ஆனால் குறுகிய திருப்பத்தில் அதன் டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே வரும். ஏற்காட்டுக்கு வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஏற்றாதீர்கள்; டிரெய்லர் எப்போதும் இழுக்கும் வண்டியைவிட உள்பக்கமாக வளைவை வெட்டிக்கொண்டு வருவதால், எதிரே பேருந்து வந்துவிட்டால் பின்னால் நகர்த்தவும் முடியாது. நான் என் டிரெய்லரை அடிவாரத்தில் தெரிந்தவரின் இடத்தில் நிறுத்திவிட்டுக் காரை மட்டும் தனியாக மேலே கொண்டுவருகிறேன்.

செட்டிபாளையம் பிட் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். ராம்ப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் முன்பம்பரின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம், அந்த விளிம்பிலிருந்து முன்டயர் தரையைத் தொடும் இடம்வரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். என் எஸ்டீமில் உயரம் 11 செ.மீ., தூரம் 62 செ.மீ.; அதாவது 10 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் பம்பர் ராம்பில் இடிக்கும். 60 செ.மீ. உயரத் தளத்துக்கு 1.8 மீட்டர் ராம்ப் வைத்தால் சரிவு 19 டிகிரியைத் தாண்டிவிடும். 45 செ.மீ. தளத்துக்கு 2.6 மீட்டர் ராம்ப் போதும். ராம்பின் தொடக்கத்தில் இரண்டு மரப்பலகைகளைப் போட்டுக்கொண்டால் இன்னும் எளிது. கார் ஏறும்போது டிரெய்லரின் பின்பக்கம் அமுங்கி ஸ்கார்ப்பியோவின் பின்சக்கரங்களைத் தூக்கிவிடாமல் இருக்கப் பின்மூலைகளில் தாங்குகால்கள் வைக்கச் சொல்லுங்கள்.

தளம் சக்கரங்களுக்கு இடையில் இருந்தால் மட்கார்டு கதவைத் திறக்கவிடாது. பந்தயக் காரின் உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கூண்டுக் கம்பிக்கிடையே ஜன்னல் வழியாக வெளியே வருவது எல்லாருக்கும் இயலாது. ஓட்டுநர் பக்க மட்கார்டைக் கழற்றி மாட்டும்படி அமைக்கச் சொல்லுங்கள், அல்லது முன்னால் ஒரு வின்ச் வைத்து யாரும் உள்ளே உட்காராமலே காரை இழுத்து ஏற்றுங்கள்.

காரை டிரெய்லரோடு பிணைக்கும் பெல்ட்டைக் காரின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) கட்டினால், குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். நான்கு சக்கரங்களின் மேலும் ராட்செட் பெல்ட்டைச் சுற்றிக் கட்டுவதே நல்லது. கட்டிய பின் முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள். பெருந்துறையில் தேநீர் குடிக்க நிற்கும்போது டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ள ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பேரிங்கில் கோளாறு.

அஸ்தம்பட்டி எஸ்டீம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டயர் கணக்கைப் பார்த்ததுமே அந்தக் கைமாற்று வண்டியை விட்டுவிட்டேன். ஐயா, கொக்கியின் மேல் இறங்கும் பாரத்தை நான் எப்படி அளப்பது? எடைமேடையில் அவ்வளவு நுட்பமாகக் காட்டுமா?

சங்ககிரி பட்டறை எழுதியது:

எடைமேடை தேவையில்லை தம்பி. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு போதும். சமதளத்தில் காரை ஏற்றிக் கட்டியபின், கொக்கி ஸ்கார்ப்பியோவில் மாட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் ஒரு கட்டையை நிறுத்தி, அந்தக் கட்டையைத் தராசின் மேல் வைத்து டிரெய்லரின் முன்முனையை அதில் இறக்குங்கள். சென்ற மாதம் என்னிடம் வந்த ஒருவரின் வண்டியில், கார் 910 கிலோ, கொக்கியிலிருந்து ஆக்சில்களின் நடுவரை 3.3 மீட்டர், தராசு காட்டியது 70 கிலோ. காரை 35 செ.மீ. முன்னே தள்ளியதும் அது 165 ஆனது. அந்த இடத்தில் தளத்தின் மேல் சக்கரத் தடுப்புக் கட்டைகளை வெல்டு வைத்துக் கொடுத்துவிட்டேன். இனி அவர் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை. எஸ்டீமில் எஞ்சின் முன்னால் இருப்பதால் முகம் முன்னோக்கியே ஏற்றுங்கள். பின்பக்கமாக ஏற்றினால் பாரம் முழுவதும் வாலுக்குப் போய்விடும்.

முன்பணம் கொடுக்கும் முன் பதிவுக்கான தாள்களைக் கேளுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் தனி வாகனம்தான். அதற்குப் பதிவும் காப்பீடும் வேண்டும். வரைபடம் தயாரானதும் கொண்டுவந்து காட்டுங்கள், ஆக்சில் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதைச் சேர்ந்து குறித்துவிடலாம்.