எண்ணூர்க் குப்பங்களைக் கணினியில் தேடிய ஆய்வு மாணவர்: எங்கள் அனுபவங்கள்

எண்ணூரிலிருந்து:

எண்ணூரில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆட்கள் அன்றாடம் வந்து போகும் கடை. ஒரு நாள் மதியம் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். கணக்கீட்டுச் சமூக அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாராம். லட்சக்கணக்கான பதிவுகளைக் கணினியில் போட்டு, மக்கள் எப்போது என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கும் படிப்பு என்று விளக்கினார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அதுதான் அவருடைய ஆய்வுப் பொருள். மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எண்ணூர் என்ற பெயர் ஏராளமான பதிவுகளில் இருந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பத்திரிகைக்காரர்கள், சூழல் ஆர்வலர்கள். "குப்பத்திலிருந்து யாரும் எழுதியதாகவே தெரியவில்லையே அக்கா, இங்கே இருப்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வெறும் கையால், மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளிய மனிதர்கள் இவர்கள். முழங்கை வரை கறுப்பு. சோற்றில் கை வைத்தாலும் அந்த நெடி. படகெல்லாம் பிசுக்கு, வலைகள் வீண். பெரிதாக எடுத்துக்கொள்ளாமலா?

"உட்காருங்கள் தம்பி" என்று ஸ்டூலைப் போட்டுவிட்டுச் சொன்னேன். மழைக்கு மின்சாரம் போயிற்று, டவரும் போயிற்று. வீட்டுக்கு ஒரே போன், அதையும் வேலைக்குப் போகும் பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மீன்பாடு இல்லாத நாளில் ரீசார்ஜ் முடிந்தால் அப்படியே கிடக்கும். யார் எந்தத் தேதியில் போட்டார்கள், யார் கடன் சொன்னார்கள் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் அம்மா வந்தார். பாலிதீன் உறைக்குள்ளிருந்து போனை எடுத்து, மைக் குறியை அழுத்திப் பிடித்தபடி தன் தங்கையிடம் பேச ஆரம்பித்தார். வலை என்ன விலை, எந்தப் படகு இன்னும் கரையில் நிற்கிறது, நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை. எண்ணெய் வந்த நாட்களிலும் இப்படித்தான் பேசினார்கள். அது முழுவதும் வாட்ஸ்அப்பில் அக்கா தங்கைகளுக்குள், சொந்தபந்தங்களுக்குள் போனது. பொதுவெளியில் எழுத்தாக இருந்தால் மட்டும் பிடிக்கும் நிரலுக்கு அது எப்படி அகப்படும்?

மாணவர் அந்தக் குரல் பதிவைத் தரும்படி கேட்கவில்லை. "நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளலாமா அம்மா?" என்று மட்டும் அனுமதி கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு சாயங்காலங்களில் வலை பின்னும் இடத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். போன் யாருடையது, யார் தட்டுவார்கள், அன்றைக்கு சார்ஜ் இருந்ததா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆய்வுக்குள் இருக்க வேண்டிய கேள்விகள் அவைதான் என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, நானும் இதே துறையில் ஆய்வு மாணவி. டேவிட் லேசரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதே லேசர் 2014-இல், கூகுள் தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணித்த திட்டம் எப்படிச் சறுக்கியது என்பதையும் எழுதினார். 2012–13 பருவத்தின் உச்சத்தில் அமெரிக்காவில் டாக்டரிடம் ஃப்ளூ போன்ற காய்ச்சலுக்காகப் போனவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை அது காட்டியது. அங்கே கூடுதலாகத் தெரிந்தது, உங்கள் குப்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: திரையில் கிடைத்ததை ஊராக எடுத்துக்கொண்டது.

மாநகராட்சியின் தொலைபேசி எண் 1913-க்கு வரும் புகார்களை வைத்து மழைநீர் தேங்கும் இடங்களைக் கணிக்க முயல்கிறேன். எங்கள் பகுதியில் கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு நிரம்புவது ஊரறிந்த விஷயம். ஆனால் என் தெருவில் போன் செய்பவர்களைவிட, கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பவர்கள்தான் அதிகம். புகார் குறைந்த தெருவில் தண்ணீரும் குறைவு என்று என் கணினிக் கணிப்பு சொன்னால், பம்பு வேறு தெருவுக்குப் போய்விடும். அதனால் என் வரைபடத்தில் புகாரே வராத தெருக்களுக்குத் தனி நிறம் கொடுத்து, நேரில் போய்ப் பார்க்கிறேன். 2023-இல் ட்விட்டர் ஆய்வாளர்களுக்குத் தந்துவந்த, பதிவுகளைத் திரட்டும் இலவச அனுமதியையும் நிறுத்திவிட்ட பிறகு, எங்களில் பலர் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

காசிமேட்டிலிருந்து:

இங்கேயும் ஒரு குழு வந்தது. விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் கையில் டேப்லெட்டோடு வந்து கேள்வி கேட்டார்கள். கூடை கூடையாக மீன் இறங்கும் நேரத்தில் யார் நின்று பதில் சொல்வது? கடைசியில் வேலை இல்லாத நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஆட்களும் பேசுவார்கள். ஆய்வு முடிந்ததும் ஒரே ஒரு தாளாவது தமிழில் எழுதி ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். எங்களைப் பற்றி எழுதியது தவறாக இருந்தால் எங்களால்தான் திருத்திச் சொல்ல முடியும்.

வியாசர்பாடியிலிருந்து:

தடைக்காலத்திலேயே வருகிறேன் அண்ணா. கேள்விகளை முன்கூட்டியே தமிழில் அச்சிட்டு அனுப்புகிறேன். எது பொருந்தாது என்று நீங்களே அடித்துவிடுங்கள். யார் கையில் கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.