பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் துடிக்கிறது: டிஸ்க்கைக் கடைந்த பிறகும் திரும்பி வருவது ஏன்?

சத்துவாச்சாரிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். வேலை ஆம்பூரில் என்பதால் என் கார் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது. 2017ஆம் ஆண்டுப் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். 80, 90 கி.மீ. வேகத்தில் வந்து, பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்காக மெல்ல பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் இடமும் வலமுமாகத் துடிக்கிறது. பெடலிலும் காலுக்கு லேசான உதைப்பு தெரிகிறது. வேகம் 50க்குக் கீழே இறங்கியதும் துடிப்பு தணிந்து, பிறகு இல்லாமலே போய்விடுகிறது. பிரேக்கைத் தொடாமல் அதே வேகத்தில் ஓட்டினால் வண்டி அலுங்காமல் போகிறது.

சென்ற ஆண்டு இதே தொல்லை வந்தபோது ஒரு பட்டறையில் முன் டிஸ்க்குகள் இரண்டையும் கழற்றி லேத்தில் கடைந்து, டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது முற்றிலும் சரியாகிவிட்டது. ஐயாயிரம் கி.மீ. போல ஓடிய பிறகு மறுபடியும் மெல்லத் தலைகாட்டி, இப்போது பழைய அளவுக்கே வந்துவிட்டது. டிஸ்க் வளைந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் வீல் பேலன்சிங் பார்க்கச் சொல்கிறார். என் மாமா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு) போயிருக்கும் என்று உறுதியாகச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாணியம்பாடி வாசகர்

ஏலகிரி போய் வந்தீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, கீழே வந்த சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் டிஸ்க் கோணிவிடும். புதிய டிஸ்க் போட்டுவிட்டு, இனி மலையில் இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

காட்பாடிப் பட்டறைக்காரர்

வாணியம்பாடி நண்பர் சொன்ன இரண்டாம் கியர் அறிவுரை மிகச் சரியானது. சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் படக் கூடாது என்பதும் சரி. ஆனால் சத்துவாச்சாரித் தம்பியின் வண்டிக்கு அது காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுதியதில் விடைக்கு மிக அருகில் இருப்பது, கடைந்ததும் சரியாகிச் சில ஆயிரம் கி.மீ. கழித்துத் திரும்பியது என்ற செய்திதான்.

அதற்கு முன், மற்ற சந்தேகங்களை விலக்கிவிடலாம். பேலன்சிங் பிசகினால் வரும் அதிர்வு பிரேக்கைக் கேட்டு வருவதில்லை. 80க்கும் 100க்கும் இடையே ஏதாவதொரு வேகத்தில், கால் எந்தப் பெடலில் இருந்தாலும் வரும். தம்பியின் வண்டி பிரேக் இல்லாதபோது அலுங்காமல் போகிறது. ஆகவே அந்தச் செலவைத் தள்ளிவைக்கலாம். புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகியவை தேய்ந்திருந்தால், டிஸ்க்கில் பிறக்கும் சிறிய அதிர்வைப் பெரிதாக்கி ஸ்டியரிங்குக்கு அனுப்பும். இவற்றை ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் புஷ்ஷை மாற்றியதும் துடிப்பு பாதியாகக் குறைய, நோயே தீர்ந்ததென்று வண்டியை எடுத்துப் போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்பி வருவதை எங்கள் பட்டறையில் அடிக்கடி காண்கிறேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போதும் பெடல் உதைக்கும். அது கடும் பிரேக்கிலோ வழுக்கும் தரையிலோ மட்டுமே, கடகடவென்ற சத்தத்தோடு வரும். மெல்ல அழுத்தும்போது வருவது அதுவல்ல.

டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறைகளில் எல்லோரும் சொல்கிறோம். காலில் உணரும் உதைப்புக்குப் பெரும்பாலும் காரணம், டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போவதே. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) பிஸ்டன் சற்றே பின்தள்ளப்படும். அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கு வரும், பிடிமானம் கூடிக் குறைவது ஸ்டியரிங்கில் துடிப்பாகத் தெரியும். இதற்கு 0.02 மி.மீ. வேறுபாடே போதும், நாம் எழுதும் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கும் விரலுக்கும் அது அகப்படாது. 90 கி.மீ. வேகத்தில் இத்தகைய காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 13 முறை சுற்றுவதால், அந்த ஒரே தடித்த இடம் நொடிக்கு 13 உதை கொடுக்கும். வேகம் குறையக் குறைய உதைகளும் விலகிப்போகும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டிஸ்க், ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி) முகத்தில் நேராக உட்காராமல் சிறிது சாய்ந்திருந்தால், சுழலும்போது அதன் விளிம்பு உள்ளும் வெளியுமாக ஆடும். அன்றைக்கே இது தெரியாது, ஏனென்றால் மிதக்கும் காலிப்பர் அந்த ஆட்டத்துக்கு இசைந்து நகர்ந்து கொடுக்கும். கேடு நடப்பது பிரேக்கைத் தொடாமல் ஓடும் நேரத்தில். பேட் டிஸ்க்கை ஒட்டியே நிற்பதால், வெளியே துருத்தும் அதே இடம் ஒவ்வொரு சுற்றிலும் அதை உரசிச் செல்லும். மாதனூர் தாண்டி ஆம்பூர் வரை கால் பிரேக்குக்கே போகாத ஓட்டத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். சில ஆயிரம் கி.மீ. ஆனதும் மெலிவு காலுக்குத் தெரிகிறது. கடைந்தால் தடிமன் சமமாகித் துடிப்பு மறைகிறது, ஆனால் சாய்வு ஹப்பில் அப்படியே இருப்பதால் தேய்மானம் மறுநாளே புதிதாகத் தொடங்குகிறது. புதிய டிஸ்க் போட்டாலும் இதே கதைதான்.

எனவே டிஸ்க் வாங்குவதற்கு முன், டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். முதலில் வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு சக்கரத்தை எடுத்துவிட்டு, டிஸ்க்கை எல்லா நட்டுகளாலும் வாஷர் கொடுத்துச் சமமாக இறுக்கி, கேஜின் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். முள் 0.05 மி.மீ.க்குள் நின்றால் நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி வரம்பு சற்று மாறும், சிலர் 0.1 வரை விடுவார்கள். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமனும் பார்க்க வேண்டும். மாற்ற வேண்டிய குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

குடியாத்தம் ஓட்டுநர்

ஐயா சொல்வது முன்சக்கரத்துக்குப் பொருந்தும். எங்கள் வண்டியில் ஸ்டியரிங் அசையாமல் இருக்க, இருக்கையும் தரையும் மட்டும் அதிர்ந்தன. வண்டி இல்லாத நேராக நீண்ட சாலையில் 50 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல இழுத்துப் பார்த்தபோது அதே அதிர்வு வந்தது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின் டிரம் வட்டம் கெட்டிருப்பது தெரிந்துவிட்டது. மழைச் சாலையில் இதைச் செய்துவிடாதீர்கள், பின்பக்கம் சறுக்கித் திரும்பிவிடும்.

சத்துவாச்சாரிக்காரர்

இருவருக்கும் நன்றி. ஹேண்ட் பிரேக் சோதனையில் அதிர்வு எதுவும் வரவில்லை. ஆம்பூரிலிருந்து வந்து நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கை காட்டிப் பார்த்தேன். முன் இரண்டிலும் சூடு ஒன்றுபோலவே இருந்தது, வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் இல்லை. காலிப்பர் பிடித்துக்கொள்ளவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?

காட்பாடிப் பட்டறைக்காரர்

எடுத்துக்கொள்ளலாம். ஸ்லைடு பின் காய்ந்து காலிப்பர் பிடித்திருந்தால் ஒரு பக்கம் தனியாகக் கொதிக்கும், அந்தப் பக்கப் பேடும் முன்னதாகத் தேயும். டிஸ்க்கைக் கழற்றும்போது ஸ்லைடு பின்னுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

ராணிப்பேட்டை லேத் தொழிலாளி

லேத் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். கழற்றிக் கொண்டுவரும் டிஸ்க்கின் நடுத்துளையிலும் உட்புறத்திலும் துரு ஏறியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் சக்கில் பிடித்தால் டிஸ்க் லேத்திலேயே சாய்ந்து உட்காரும். கடைந்து முடித்ததும் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாகப் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் ஹப்பில் மாட்டினால் அது சாய்வோடு சுழலும். ஆகவே டிஸ்க்கைக் கொடுக்கும்போதே உள்முகத்தைத் தேய்த்துவிட்டு, பிடித்தபின் டயல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் அது அந்த ஹப்பையே அச்சாகக் கொண்டு கடைகிறது.

சத்துவாச்சாரிக்காரர்

பார்த்தாகிவிட்டது. பேரிங் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வலப்பக்கம் 0.04 மி.மீ., இடப்பக்கம் 0.12 மி.மீ. ஆட்டம் காட்டியது. இட டிஸ்க்கைக் கழற்றியபோது ஹப் முகத்தில், இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே விரல்நக அளவில் ஒரு துருச் செதில் கெட்டியாக ஒட்டியிருந்தது. டிஸ்க்கின் உட்புறத்தில் அதே இடத்தில் அதன் அச்சும் பதிந்திருந்தது. கார் வெட்டவெளியில் நின்று மழையில் நனைகிறது, அதனால் இருக்கலாம். கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் போல்ட் அடிவரை தேய்த்துத் துடைத்த பிறகு ஆட்டம் 0.06 ஆனது, டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டியதும் 0.03க்கு வந்தது. ஆனால் அந்த டிஸ்க்கின் தடிமனில் 0.03 மி.மீ. வேறுபாடு இருக்கிறது, இன்னொரு முறை கடைந்தால் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடுமாம். இடப்பக்கம் மட்டும் புதிது போடலாமா?

காட்பாடிப் பட்டறைக்காரர்

அந்தச் செதில்தான் ஆள். ஹப் ஓரத்தில் 0.05 மி.மீ. தடிமனுக்குத் துரு இருந்தாலே டிஸ்க் விளிம்பில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் போட வேண்டாம். ஒரே அச்சில் பழையதும் புதியதுமாக இருந்தால் பிடிமானம் சமமாக வராது. இரண்டு டிஸ்க்கும் அவற்றோடு புதிய பேடும் போடுங்கள். புதிய டிஸ்க்கின் மேல் பூசியுள்ள எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, மாட்டியதும் இரண்டு பக்கமும் மறுபடி டயல் வைத்துப் பாருங்கள், புதியது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வீல் நட்டுகளை ஏர் கன்னால் முழுதாக இறுக்க விடாதீர்கள். கையால் ஏற்றி, எதிரெதிராக மாறி மாறி, கார்ப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். இத்தகைய கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றினாலும் வீட்டுக்கு வந்ததும் தளர்த்தி மறுபடி அதே முறையில் இறுக்குங்கள்.

மாட்டிய அன்றே மலைக்குப் போகாதீர்கள். விடியற்காலையில் வண்டி இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து முறை நடுத்தரமாக பிரேக் பிடித்து, அதன்பின் சிறிது தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு சிக்னலில் நின்று பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் துடிப்பாகவே வெளிப்படும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் இதைப் பழக்க முயல வேண்டாம்.

வாணியம்பாடி வாசகர்

பிரேக் ஆயிலையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

காட்பாடிப் பட்டறைக்காரர்

துடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஏலகிரி இறக்கத்தில் பெடல் திடீரென உள்ளே இறங்குவது அந்த ஈரம் கொதிப்பதால்தான்.