உரலில் பறக்கும் கிழவியை வைத்து எஸ்கேப் ரூம்: பயம் வரவில்லை, என்ன செய்யலாம்?

மேலூர்க்காரன்:
கல்லூரி விழாவுக்கு எஸ்கேப் ரூம் (அறைக்குள் புதிர்களை அவிழ்த்து, நேரம் முடிவதற்குள் வெளியே வரும் விளையாட்டு) போடுகிறோம். ஆறு பேர், 60 நிமிடம். இடம், மேலூரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் தாத்தா வீடு. கதை, ரஷ்ய நாட்டுப்புறக் கிழவி பாபா யாகா. கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, மனித எலும்பில் வேலி. உரலில் உட்கார்ந்து உலக்கையால் உந்திப் பறப்பாள், போன தடத்தைத் துடைப்பத்தால் கூட்டிவிடுவாள். உரல், உலக்கை, விளக்குமாறு மூன்றும் வீட்டிலேயே கிடக்கின்றன. உண்மையில் அதற்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தோம்.

நேற்று ஒத்திகை. இருட்டில் உரலுக்குப் பின்னாலிருந்து நண்பன் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுந்தான். என் தங்கச்சி அசரவே இல்லை. "என்ன அப்பத்தா, கம்பு இடிக்கணுமா?" என்றாள். அத்தோடு முடிந்தது. கதவை வெளியே தாழ் போட்டால் கொஞ்சமாவது பயம் வருமா?

சிம்மக்கல் வாசகன்:
தம்பி, அலறுகிற கிழவி வேண்டாம். பாபா யாகா வேலை வாங்குகிறவள். அவளிடம் மாட்டிக்கொண்ட வாசிலிசா என்ற பெண்ணின் கதையில் கசகசாவில் கலந்த மண்ணைப் பிரிக்கச் சொல்வாள், முடிக்காவிட்டால் தின்றுவிடுவேன் என்பாள். அதுதான் உங்கள் புதிர். சாவியை அந்தத் தானியத்துக்குள் போடுங்கள்.

கடைசிப் பூட்டுக்கு கோஷ்செய் கதை. ரஷ்யக் கதைகளில் வரும் சாகாத வில்லன் அவன். அவன் சாவு ஒரு ஊசி முனையில்; ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிர் இருக்கும் கதை கேட்டு வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

செட்டு வேலை:
கதை கிடக்கட்டும். தாழ்ப்பாள் மட்டும் கூடவே கூடாது. போலந்தில் கோஷாலின் என்ற ஊரில் 2019 ஜனவரி 4 அன்று இப்படி ஒரு அறையில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாட வந்த ஐந்து பெண்கள் இறந்தார்கள். எல்லோருக்கும் வயது 15. எரிவாயு கசிந்து பிடித்த தீ, உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற வழி இல்லை.

பழைய வீட்டு மரக்கதவு மழை ஈரத்தில் உப்பினால் தாழ் போடாமலே இறுகிக்கொள்ளும். கதவை விரியத் திறந்து வைத்து கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். வாசலில் ஒரு ஆள் நிற்கட்டும். சூடம், மெழுகுவர்த்தி எதுவும் உள்ளே வேண்டாம்.

மேலூர்க்காரன்:
சரிண்ணே, கதவையே கழற்றிவிட்டோம். கசகசா விற்கிற விலைக்கு, கேழ்வரகில் மண் கலந்திருக்கிறோம். கிழவி வேடத்தையும் தங்கச்சிக்கே கொடுத்தாயிற்று. முறத்தை என் முன்னால் தள்ளி, "விடியறதுக்குள்ள பிரிச்சு வை" என்று சத்தமே போடாமல் சொன்னாள். அப்பத்தா குரல் அப்படியே. நான் பதில் பேசாமல் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.