மரத் தோட்டக் கொட்டகை: நல்ல பூட்டு ஒன்று போதுமா?

பச்சைவேலி (கேள்வி)

வணக்கம். 8-க்கு 6 அடி மரக் கொட்டகை. சுவர் 18 மி.மீ. பலகை. ஒற்றைக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும். டி வடிவக் கீல் இரண்டு. கீலும் கொண்டியும் 25 மி.மீ. திருகாணியில்தான் நிற்கின்றன. பக்கச் சுவரில் கண்ணாடி ஜன்னல் ஒன்று. உள்ளே புல்வெட்டும் இயந்திரம், சைக்கிள், பேட்டரி டிரில், கைக்கருவிகள். மின் இணைப்பு கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் பொதுப் பாதை. கொண்டியை நெம்பிப் பார்த்த தடம் கதவில் இருக்கிறது, பின்சுவரில் ஸ்ப்ரே பெயின்டால் கிறுக்கியும் வைத்திருக்கிறார்கள். கனமான பூட்டாக வாங்கிப் போட்டால் போதுமா? எதில் முதலில் காசு போடலாம்?

இழைப்புளி

பூட்டு கடைசியில் வரட்டும். இந்தக் கதவைத் திறக்கப் பூட்டைத் தொடவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் கீலைக் கழற்றிவிடலாம், கடப்பாரை இருந்தால் கொண்டியை மரத்தோடு பிய்த்துவிடலாம். 25 மி.மீ. திருகாணி கொண்டித் தகட்டையும் 18 மி.மீ. பலகையையும் தாண்டியபின் உள்ளே இருக்கும் குறுக்குச்சட்டத்தில் பிடிப்பது 5 மி.மீ. கூட வராது.

முதலில் மரத்தைச் சோதியுங்கள். கதவு நிலையிலும் குறுக்குச்சட்டத்திலும் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். லேசான அழுத்தத்துக்கே 5 மி.மீ. உள்ளே போனால் அந்தத் துண்டு மக்கிவிட்டது, மாற்றியாக வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரம்வரை, மழைத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கெட்டிருக்கும்.

பிறகு திருகாணிகளுக்குப் பதில் எம்8 (8 மி.மீ. தடிமன்) கேரேஜ் போல்ட். வெளியே தலை மழமழவென்று குமிழாக இருக்கும், பிடித்துத் திருக எதுவும் கிடைக்காது. தலைக்குக் கீழே சதுரக் கழுத்து உண்டு. அது சதுர ஓட்டையில் உட்கார்ந்தால்தான் போல்ட் சுற்றாமல் நிற்கும். ஆகவே சதுர ஓட்டை உள்ள கொண்டியாகப் பார்த்து வாங்குங்கள். வட்ட ஓட்டைதான் கிடைத்தது என்றால் அரத்தால் சதுரமாக்குங்கள், இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றும். உள்பக்கம் வெறும் வாஷர் போதாது. 3 மி.மீ. இரும்புத் தகடு, கொண்டி அளவுக்கு வெட்டியது, அதன்மேல் வாஷர், அதன்மேல் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு). தகடு இல்லாமல் இறுக்கினால் வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்துபோகும். கடப்பாரை போட்டால் போல்ட் தலைப்பக்கமாக மரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நிலையில் இருக்கும் நாதாங்கிக்கும் இதே முறைதான். பலர் கதவுப் பக்கம் ஒழுங்காகச் செய்துவிட்டு நாதாங்கியைப் பழைய திருகாணியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் செய்த வேலை முழுக்க வீண்.

கொண்டியை நடுவில் ஒன்று போடுவதைவிட, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் இரண்டாகப் போடுங்கள். நடுவில் மட்டும் பிடித்த கதவின் கீழ் மூலையில் கடப்பாரை நுழைந்தால் பலகை வளைந்து ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துகொள்ளும்.

பச்சைவேலி

நன்றி அண்ணா. குறுக்குச்சட்டம் 32 மி.மீ. கனம், கொண்டித் தகடு 4 மி.மீ. போல்ட் எத்தனை நீளம் வாங்கணும்? கீலுக்கும் போல்ட்தானா?

இழைப்புளி

கொண்டி 4, பலகை 18, சட்டம் 32, பின்தகடு 3, வாஷர் ஒன்றரை, நைலாக் நட்டு 8. மொத்தம் அறுபத்தாறரை மி.மீ. அதனால் 70 மி.மீ. போல்ட். நட்டைத் தாண்டி மூன்று மி.மீ. வெளியே தெரியணும், அப்போதுதான் நைலான் வளையம் மரையை முழுசாகப் பிடிக்கும். மரத்தில் 8 மி.மீ. டிரில் பிட். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை இறுக்குங்கள், மரம் காயக் காயச் சுருங்கும்.

கீலில் ஒவ்வொரு இலைக்கும் குறைந்தது இரண்டு போல்ட். ஆனால் கீலின் அச்சு வெளியே தெரிகிறதே, அதைத் தட்டி உருவிவிடலாம். அதற்குக் கீல் பக்க முளை வைக்க வேண்டும். கதவின் கீல் பக்க விளிம்பில், ஒவ்வொரு கீலிலிருந்தும் 10 முதல் 15 செ.மீ. தள்ளி, 8 மி.மீ. இரும்புக் கம்பியை 40 மி.மீ. ஆழம் அடித்து இறக்குங்கள், 12 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். துளை சட்டம் இருக்கிற இடத்தில் விழவேண்டும், வெறும் பலகை விளிம்பில் போட்டால் பிளந்துவிடும். எதிரே நிலையில் 10 மி.மீ. விட்டத்தில் 15 மி.மீ. ஆழத் துளை. கம்பி நுனியில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிக் கதவைச் சாத்தினால் துளை எங்கே வரவேண்டும் என்று தடம் விழும். கதவு வளைவாகச் சுழன்று வருவதால் துளையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீளமாக்க வேண்டியிருக்கும். கீலை முழுதாகக் கழற்றினாலும் இந்தக் கதவை அந்தப் பக்கமாக இழுக்க முடியாது.

சாவிக்கொத்து

இப்போது பூட்டுக்கு வரலாம். பூட்டின் உடலே தோள்பட்டைபோல் மேலேறி வளையத்தின் இரு பக்கத்தையும் மூடியிருக்கும் வகை வாங்குங்கள். போல்ட் கட்டரின் தாடை நுழைய இடமே இருக்காது. திறந்த வளையம்தான் என்றால் கடினமாக்கிய எஃகில் 11 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஐரோப்பியத் தரமான இ.என். 12320-இல் 1 முதல் 6 வரை கிரேடு உண்டு. இந்த வேலைக்கு 3-க்குக் கீழே போக வேண்டாம், 4 என்றால் நல்லது. வாங்குமுன் வளையத்தின் தடிமன் நாதாங்கித் துளையில் நுழையுமா, மூடிய தோள்பட்டை கொண்டியில் இடிக்காதா என்று இரண்டையும் அளந்துகொள்ளுங்கள்.

மலிவான பூட்டில் இன்னொரு ஓட்டை: மெல்லிய தகட்டுத் துண்டை வளையத்தின் ஓரமாகச் செருகி உள்ளே இருக்கும் தாழைத் தள்ளிவிடலாம். இரண்டு பக்கமும் எஃகுக் குண்டு பிடிக்கும் பூட்டில் இது நடக்காது. எண் பூட்டு வேண்டவே வேண்டாம். வளையத்தை இழுத்தபடி சக்கரத்தைச் சுற்றினாலே மலிவான எண் பூட்டுகள் எண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். மழை படும் பூட்டுக்குச் சமையல் எண்ணெய், கிரீஸ் எதுவும் விடாதீர்கள். தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

ஆங்கிள் கிரைண்டரோடு வருபவன் எந்தப் பூட்டையும் அறுப்பான், அதையும் சொல்லியாக வேண்டும். அதனால் சைக்கிளையும் புல்வெட்டியையும் உள்ளே தனியாகச் சங்கிலியில் கட்டுங்கள். மரத்தரையில் வளையம் திருகினால் பலகையோடு வந்துவிடும். தரையில் ஒரு பலகையை எடுத்துவிட்டு 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி தோண்டி, அடிப்பக்கம் சற்று அகலமாக்கி, கான்கிரீட்டில் வளையத்தைப் புதையுங்கள். ஏறக்குறைய 65 கிலோ கான்கிரீட் பிடிக்கும். ஒரு வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி முழு உடல் எடையையும் போட்டு அழுத்துவார்கள்.

ஏணி, மண்வெட்டி, கடப்பாரை எதையும் வெளியே சாத்தி வைக்காதீர்கள். கதவை உடைக்கும் கருவியை நாமே கொடுத்ததாகிவிடும்.

விடிவிளக்கு

மின்சாரம் இல்லாததால் பேட்டரி அலாரம்தான். ஆனால் உடல் வெப்பத்தை உணரும் சென்சார், கொட்டகைக்குள் சூடு 35 டிகிரியைத் தொடும் நேரத்தில் மந்தமாகிவிடும். ஆளுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் வெப்ப வித்தியாசம் இருந்தால்தான் அது உணரும். அதோடு சென்சார் முகத்தில் சிலந்தி நடந்தாலும் அலறும். கதவில் ஒரு துண்டும் நிலையில் ஒரு துண்டுமாகப் பொருத்தி, இரண்டும் விலகினால் அலறும் காந்தத் தொடர்பு வகை இதைவிட நம்பகமானது. மழைக்காலத்தில் கதவு உப்பி இடைவெளி மாறும் என்பதால், அது எத்தனை மி.மீ. இடைவெளிவரை தாங்கும் என்று அட்டையில் பார்த்து, அதில் பாதி தூரத்தில் பொருத்துங்கள்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சோலார் விளக்கை இரண்டரை மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கி வையுங்கள். நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் சென்சார் சீக்கிரம் பிடிக்கும். ஆகவே பாதையைப் பார்த்தபடி வைக்காமல், கதவுக்கு வரும் வழிக்குப் பக்கவாட்டில் பொருத்துங்கள்.

தூரிகை

ஜன்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண்ணாடியை எடுத்துவிட்டு 6 மி.மீ. பாலிகார்பனேட் (கண்ணாடிபோல் தெரியும் கடினப் பிளாஸ்டிக் தகடு) போடுங்கள். அக்ரிலிக் வேண்டாம், கல் பட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் வெயிலில் விரியும், அதனால் 60 செ.மீ. தகட்டுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். புறஊதாக் காப்புப் பூச்சு உள்ள பக்கம் வெளியே இருக்கட்டும், எந்தப் பக்கம் என்று மேல் உறையிலேயே போட்டிருக்கும். பீடிங் கட்டை (தகட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மெல்லிய மரப்பட்டை) வெளிப்பக்கம் இருந்தால் அதை நெம்பித் தகட்டை அப்படியே எடுத்துவிடலாம், உள்பக்கம் மாற்றி அடியுங்கள். உள்ளே 3 மி.மீ. கம்பியில் 50 மி.மீ. கண் உள்ள வெல்டு மெஷ், ஓரமெல்லாம் ரீப்பர் வைத்துத் திருகியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மங்கல் படலம் ஒட்டிவிடுங்கள்.

கிறுக்கல் விஷயம். பெயின்ட் அடிக்காத மரத்தில் ஸ்ப்ரே நாருக்குள் இறங்கிவிடும், தேய்த்தால் போகாது. மணல்தாள் போட்டு மீண்டும் பூச வேண்டும். வழவழப்பான வெளிப்புற எனாமல் இரண்டு கோட் அடித்துவிட்டால் அடுத்த முறை துடைக்க வாய்ப்பு உண்டு. அதே நிறத்தில் அரை லிட்டர் மீதி வைத்துக்கொண்டு, கிறுக்கிய மறுநாளே அழித்துவிடுங்கள். கிறுக்கியது நிலைத்து நின்றால்தான் அவர்களுக்கு அங்கே திரும்ப வரத் தோன்றும். துடைக்கும் திரவத்தைப் பாலிகார்பனேட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தின்னர் பட்டால் சிலந்தி வலைபோல் வெடிக்கும்.

தீ வைப்பதுதான் மோசமான சேதம். குப்பைத் தொட்டி, காய்ந்த சருகு, விறகு எதுவும் சுவரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வேண்டாம். டிரில் பேட்டரிகளை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். பெட்ரோலைக் கொட்டகையில் சேர்த்து வைக்காதீர்கள், ஆவி காற்றைவிடக் கனமானது, தரைமட்டத்தில் தேங்கும்.

வேலி ஓரம் முள்செடி வைக்கலாம், ஆனால் கதவுப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் வளரவிட்டால் திருடனுக்குத்தான் மறைவு. உடைந்த கண்ணாடியை வேலிமேல் பதிப்பது, கம்பியில் மின்சாரம் விடுவது இரண்டும் கூடவே கூடாது. பந்து எடுக்க வரும் பிள்ளையைத்தான் அது முதலில் வெட்டும்.

பச்சைவேலி

எல்லோருக்கும் நன்றி. நிலையின் அடிப்பகுதியில் ஸ்க்ரூடிரைவர் 8 மி.மீ. இறங்குகிறது. அதை மாற்றிவிட்டுத்தான் போல்ட் வாங்குவேன்.

இழைப்புளி

மாற்றும்போது புதுக் கட்டையின் அடி வெட்டுமுகத்தில் மரக்காப்புத் திரவத்தை இரண்டு தரம் ஊறவிடுங்கள். தண்ணீர் ஏறுவது அந்த முகம் வழியாகத்தான். தரைக்கும் கட்டைக்கும் நடுவில் 10 மி.மீ. இடைவெளியும் விடுங்கள்.