ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் இரைச்சல்: புகார் மனு எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் தெருவை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியின் ஜெனரேட்டர் மின்தடை நேரங்களில் இரவிலும் ஓடுவதால், விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர்களும் தூக்கமின்றித் தவிக்கின்றனர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபெலும், இரவில் 45 டெசிபெலுமே வரம்பு. வரம்பு மீறல் என்ற அடிப்படையில் புகார் அளிக்க அந்த வரம்பு குறைந்தது 10 டெசிபெலாவது மீறப்பட்டிருக்க வேண்டும் என்பதால், முறையான அளவீடு இல்லாத மனு நிற்காது என்றே கருதுகிறேன். கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை நான் நம்பவில்லை. (படகுகளுக்கு ஐஸ் வேண்டும், கம்பெனியை மூடச் சொல்வது எங்கள் நோக்கமன்று, ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புக் கூண்டு அமைத்தாலே போதும்.) மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் இரவில் நேரில் வந்து அளக்க எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும்? மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கும் மனுவில் எவற்றை இணைப்பது? அனுபவமுள்ளோர் மாதிரி மனு ஒன்றைப் பகிர வேண்டுகிறேன்.