பனிச்சறுக்குப் பலகை கேம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

கொக்குவில் அம்மா:

என் மகனுக்கு எட்டு வயது. கனடாவில் இருக்கும் என் அண்ணாவின் மகன் காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவதை வீடியோ கோலில் காட்டிய நாளிலிருந்து இவனுக்கும் அதே ஆசை. மார்கழி விடியலில் புல்லில் கிடக்கும் பனியைத் தவிர வேறு பனியை இவன் கண்டதில்லை. சரி, கேமிலாவது சறுக்கட்டும் என்று போனில் இலவசமாக ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். 3+ என்று போட்டிருந்தது, அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை, அதுதான் என் பிழை.

கேமில் ரத்தம், அடிதடி எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை விழும் ஒவ்வொரு முறையும் ஒரு விளம்பரம் வந்தது, அதில் ஒன்று காசு வைத்து ஆடும் சூதாட்டம். நான் குசினியில் நின்றபோது வந்து, "அம்மா, இதை அமத்தினால் உண்மையாகவே காசு வருமா?" என்று கேட்டான். அடுத்த வாரம் மினுங்கும் பலகை ஒன்றுக்கு ஆசைப்பட்டு எதையோ அமத்த, ரீலோட் போட்டு வைத்திருந்த 750 ரூபாயும் போய்விட்டது. அவனை ஏசிவிட்டுப் பிறகு நானே அழுதேன், ஏனென்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொத்தான் காசு எடுக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். பிளே ஸ்டோரில் இருக்கும் வயது எண், கேம் செய்தவர்கள் நிரப்பும் கேள்விக்கொத்தை வைத்து வருவது. ஐரோப்பாவில் கேம்களுக்குப் போடும் பெகி (PEGI) வயது எண்கள் (3, 7, 12, 16, 18) கேமுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியவை, அது பிள்ளைக்குக் கடினமா இலகுவா என்பதை அவை சொல்வதில்லை. விளம்பரம் உண்டு, உள்ளே காசுக்கு வாங்கலாம் என்ற இரண்டு வரியும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அவற்றைக் கட்டாயம் வாசியுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோர் செட்டிங்கில் மாற்றலாம், நான் மாற்றிவிட்டேன்.

இப்போது அவன் விளையாடுவது அல்டோஸ் அட்வென்ச்சர். 2015 இல் வந்தது, செய்தவர்கள் ரொறன்ரோவில் உள்ள ஸ்னோமேன் என்ற சிறிய நிறுவனம். ஒரு விரல் போதும், தொட்டால் அதில் பலகையில் சறுக்கும் அல்டோ பாய்வான், அமத்திப் பிடித்தால் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பான், ஓடிப்போன லாமாக்களை (ஒட்டகம் போன்ற சிறிய மிருகங்கள்) பிடிக்க வேண்டும். சூரியன் மறையும், மழை வரும், இசையும் அமைதியானது, இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே கரைச்சல், பாதைக்கு முடிவே இல்லை, அதனால் "இன்னும் ஒருக்கா அம்மா" என்பதற்கும் முடிவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்குகள் தருவார்கள், மூன்றும் முடிந்தாலோ 20 நிமிடம் ஆனாலோ போன் என் கைக்கு வர வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் தருகிறான்.

சுன்னாகம் மாமா:

தங்கச்சி, நீங்கள் சொன்ன விளம்பரத்தையாவது கண்ணால் காணலாம். அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது, வெளிநாட்டில் இருந்து வந்த பழைய பிளேஸ்டேஷன் ஒன்றில், பலர் ஓன்லைனில் சேர்ந்து விளையாடும் பனிச்சறுக்கு கேம் ஒன்று விளையாடுவான். மலையும் பனியும் அவ்வளவு வடிவு, நானே பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்ப்பேன். ஒருநாள் ஹெட்போன் வயர் கழன்று ரிவியில் சத்தம் வந்தபோதுதான், வளர்ந்த ஆள் ஒருவர் ஆங்கிலத்தில் தூசணம் கொட்டுவது எங்களுக்குக் கேட்டது. அர்த்தம் தெரியாமலே பெடியன் அதில் இரண்டு சொல் பழகியும் விட்டான். வயது எண் கொடுப்பவர்கள் அந்நியர் பேசப்போவதை எப்படிக் கணக்கெடுப்பார்கள்? பிள்ளையின் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, மற்றவர்களுடன் பேசும் வசதியை அதில் நிறுத்திவிட்டேன். ரொறன்ரோ மச்சானுடன் மட்டும் வாட்ஸ்அப் கோலை ஸ்பீக்கரில் போட்டபடி விளையாடுகிறான். குளிர்காலத்தில் அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே அடுத்த நாள் காலை 6:30, ஆகவே சனி ஞாயிறு மட்டும்தான்.

வடமராட்சி அப்பா:

எங்களுக்கு நடந்தது வேறு. மகள் பத்து வயது, போனில் பனிச்சறுக்கு கேம் நன்றாக விளையாடுவாள். போன ஓகஸ்ட் லீவில் எல்லோரும் மணற்காட்டு மணல்மேட்டுக்குப் போனபோது, நான் பார்க்காத நேரம் பழைய பலகைத் துண்டு ஒன்றில் ஏறி நின்று கேமில் போலவே பாய்ந்திருக்கிறாள். கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது, ஐந்து கிழமை மாவுக்கட்டு. கேமில் விழுகிறவர் உடுப்பைத் தட்டிவிட்டு எழும்பி ஓடுகிறார், அதைத்தானே பிள்ளை நூறு தரம் பார்த்திருக்கிறாள். உண்மையான பனிச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கும் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுத்தான் என்று பிறகு வாசித்தேன். கேமைத் தடை செய்யவில்லை. ஆனால் தானும் செய்து பார்க்க ஆசைப்படும் வயதுப் பிள்ளை என்றால் விழுவதைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.

கொக்குவில் அம்மா:

அண்ணா, வாசித்ததும் நெஞ்சு பதறிவிட்டது, பிள்ளையின் கை இப்போது சுகமா? உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு அன்றிரவே மருமகனுக்குக் கோல் எடுத்தேன். அவன் தன் ஹெல்மெட்டையும் மணிக்கட்டில் கட்டும் காப்பையும் கமராவுக்கு முன்னால் பிடித்து, எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான், முதல் வருடம் தான் எத்தனை தரம் விழுந்தேன் என்றும் சொன்னான். நேற்று என் மகன் விளையாடிக்கொண்டு இருந்தபோது நிறுத்தி, "அல்டோ ஹெல்மெட் போடவில்லை அம்மா" என்றான்.

இன்னொரு விஷயம். அவனைப் பார்த்து நாலு வயதுத் தங்கையும் போன் கேட்கத் தொடங்கிவிட்டாள். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரைக்கு முன்னால் இருக்கக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. அவளுக்கு நான் இன்னும் கொடுக்கவில்லை. மூத்த பிள்ளை விளையாடும்போது சின்னதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?